கைதி தப்பியோடினால் காவலர் மேல் கிரிமினல் கேஸ் நிற்குமா?

2025 பிப்ரவரி 11
வாசகர் கேள்வி: ஆயுதப்படையில் இருக்கும் ஒருவருக்காகக் கேட்கிறேன். அரசு ஆஸ்பத்திரி வார்டிலிருந்து ரிமாண்ட் கைதி ஓடிவிட்டான். பாராவில் (காவல் பணியில்) இருந்த இரண்டு பேரும் சஸ்பெண்ட். அது போதாதென்று 261-ல் கேஸும் போட்டிருக்கிறார்கள். விலங்கு போடாதே என்று சொல்வதும் கோர்ட்தான், ஓடிவிட்டால் கூண்டில் ஏற்றுவதும் கோர்ட்தான் என்றால் காவலர் என்னதான் செய்வார்? இதெல்லாம் துறை நடவடிக்கையோடு முடிய வேண்டியது. கிரிமினல் கேஸ் நிற்கவே நிற்காது என்பது என் கருத்து.

2025 பிப்ரவரி 11, இரவு
நிற்கும். ஆனால் ஆள் ஓடினான் என்ற ஒரே காரணத்தால் நிற்காது.

பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 261 என்பது பழைய இ.த.ச. (இந்தியத் தண்டனைச் சட்டம்) 223தான். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த சம்பவத்துக்கு 223, அன்று முதல் நடந்ததற்கு 261. அரசுத் தரப்பு நான்கைக் காட்ட வேண்டும். இவர் பொது ஊழியர். அந்த ஆளைக் காவலில் வைத்திருக்கும் சட்டக் கடமை இவருக்கு இருந்தது. அந்த ஆள் குற்றம் சாட்டப்பட்டவர், தண்டனை பெற்றவர் அல்லது சட்டப்படி காவலுக்கு அனுப்பப்பட்டவர். அவர் தப்பியது இவருடைய கவனக்குறைவால். முதல் மூன்றும் காகிதத்திலேயே கிடைத்துவிடும். சண்டை முழுக்க நான்காவதில்தான்.

குற்றப்பத்திரிகையில் பெரும்பாலும் "பணியில் கவனக்குறைவாக இருந்ததால் கைதி தப்பிவிட்டார்" என்று ஒரே வரி இருக்கும். அதை வைத்துத் தண்டிக்க முடியாது. என்ன செய்திருக்க வேண்டும், அதில் எதைச் செய்யாமல் விட்டார், அதைச் செய்திருந்தால் ஓட்டம் தடைபட்டிருக்குமா என்ற மூன்றும் சாட்சி வாயிலாக வர வேண்டும். பூட்ட வேண்டிய கதவைப் பூட்டாமல் விட்டது ஒரு விடுதல் (கடமையில் செய்யாமல் விட்டது). சுவரே இல்லாத வார்டில் ஒற்றை ஆளாக நிறுத்தப்பட்டது அவருடைய விடுதல் ஆகாது.

தண்டனை அதிகபட்சம் 2 ஆண்டு மெய்க்காவல், அதாவது கடுங்காவல் கிடையாது. அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடியது. எந்த மாஜிஸ்திரேட்டும் விசாரிக்கலாம். சம்மன் கேஸ் (2 ஆண்டுக்கு மேல் தண்டனை இல்லாத வழக்கு) என்பதால் முறையாகச் சார்ஜ் வனையும் கட்டம் இல்லை. தொடக்கத்திலேயே உடைக்க வேண்டுமானால், குற்றச்சாட்டுக்கு அடிப்படை இல்லை என்று பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) 274-ன்படி மாஜிஸ்திரேட்டிடமே விடுவிக்கக் கேட்கலாம், அல்லது உயர் நீதிமன்றத்தில் 528-ல் ரத்து மனு போடலாம்.

2025 பிப்ரவரி 12
விலங்கு விஷயம். "கோர்ட் தடை போட்டுவிட்டது" என்பது பாதிதான் சரி. 1980-ல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, விலங்கு வழக்கமாக மாட்டுகிற நகை அல்ல, தப்பிப்பார் என்பதற்குத் தெளிவான காரணம் இருந்தால் மட்டுமே, அதையும் எழுதி வைத்த பிறகே என்பது. 1995-ல் சிட்டிசன்ஸ் ஃபார் டெமாக்ரசி வழக்கில் இன்னும் இறுக்கினார்கள்: சிறையில் வைத்திருக்கும்போதோ, சிறையிலிருந்து கோர்ட்டுக்கும் திரும்பவும் கொண்டுபோகும்போதோ மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் விலங்கு கூடாது. அந்த வழக்கே ஆஸ்பத்திரிக் கட்டிலோடு சேர்த்துப் பூட்டப்பட்டிருந்த காவல் கைதிகளைப் பற்றியதுதான்.

இப்போது பி.என்.எஸ்.எஸ். 43(3) வந்திருக்கிறது. திரும்பத் திரும்பக் குற்றம் செய்கிறவர், ஏற்கெனவே காவலிலிருந்து தப்பியவர், கொலை, பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு, போதைப்பொருள், சட்டவிரோத ஆயுதம், கள்ள நோட்டு, ஆள் கடத்தல், பயங்கரவாதம் போன்ற வழக்குகளில் உள்ளவர் என்றால் போலீஸ் விலங்கைப் பயன்படுத்தலாம். எப்போது? கைது செய்யும்போதும், கோர்ட்டில் ஆஜர்படுத்தும்போதும். அந்தப் பிரிவில் ஆஸ்பத்திரி என்ற சொல்லே கிடையாது. ஆகவே வார்டு பாராவுக்கு 43(3)-ஐ நம்பி விலங்கு மாட்ட முடியாது. ரிமாண்ட் கொடுத்த மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டும்.

வழக்கைத் திருப்பும் புள்ளி இதுதான். விலங்கு போடவில்லை என்பதற்காக மட்டும் கவனக்குறைவு என்றால், "சட்டம் அனுமதிக்காததைச் செய்யவில்லை" என்று பதில் சொல்லலாம். ஆனால் கைதி முன்பே ஒருமுறை ஓடியவர் என்பது கோப்பில் இருந்தும் யாரும் மனுவே போடவில்லை என்றால் அந்தப் பதில் பலிக்காது. அந்த மனுவைப் போட வேண்டியவர் பாராக் காவலர் இல்லை, வழக்கின் விசாரணை அதிகாரி. குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் சாட்சிப் பட்டியலில் இருக்கிறதா, குற்றவாளிப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

2025 பிப்ரவரி 12, மாலை
நேற்று "கவனக்குறைவு" மட்டும் எழுதினேன். தெரிந்தே விட்டால் கதை வேறு. அதற்கு 259, 260 என்று இரண்டு பிரிவுகள் (பழைய 221, 222). குற்றம் சாட்டப்பட்டவரை வேண்டுமென்றே தப்பவிட்டால் 259: அவர் மேல் உள்ள குற்றத்துக்கு மரண தண்டனை வரை உண்டு என்றால் காவலருக்கு 7 ஆண்டு வரை, ஆயுள் அல்லது 10 ஆண்டு வரையிலான குற்றம் என்றால் 3 ஆண்டு வரை, அதற்கும் குறைவு என்றால் 2 ஆண்டு வரை. தண்டனைக் கைதியை விட்டால் 260: தூக்குத் தண்டனை பெற்றவரை விட்டவருக்கு ஆயுளோ 14 ஆண்டோகூட வரும், ஆயுள், அல்லது 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் என்றால் 7 ஆண்டு, அதற்குக் கீழே 3 ஆண்டு.

காசு கைமாறியிருந்தால் ஊழல் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 7-உம் சேரும். அதில் குறைந்தபட்சமே 3 ஆண்டு.

தெரிந்தே விட்டார் என்று காட்டப் பெரும்பாலும் போன் பதிவுகளைத்தான் நம்புவார்கள். பாராவில் இருந்தபோது கைதியின் உறவினர் எண்ணோடு பேசியது, பணம் வந்த நேரம். அவை இல்லாமல் 259 போட்டால், கடைசியில் 261-க்கு இறங்கி வருவதுதான் வழக்கம்.

2025 பிப்ரவரி 14
ஒரு திருத்தம். 11-ம் தேதி எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். 261 பிடியாணை வேண்டும் குற்றம். ஸ்டேஷனில் நேராக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்க முடியாது, பி.என்.எஸ்.எஸ். 174(2)-ல் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும்.

பிறகு எப்படி எஃப்.ஐ.ஆர். வருகிறது? தப்பிய கைதி மேல் 262 (பழைய 224) போடுவார்கள். அது பிடியாணை வேண்டாக் குற்றம். ஒரே சம்பவத்தில் இரண்டும் கலந்திருந்தால் 174(4)-ன்படி முழு வழக்கையும் பிடியாணை வேண்டாக் குற்றமாகவே கருதலாம். எனவே எஃப்.ஐ.ஆரைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது, கைதிக்கு 262-ம் காவலருக்கு 261-ம் ஒரே எஃப்.ஐ.ஆரில் இருக்கிறதா என்பது. கைதிக்குத் தனி எண், காவலருக்குத் தனி எண், இரண்டாவதில் 261 மட்டும், மாஜிஸ்திரேட் உத்தரவும் இல்லை என்றால் விசாரணையின் அடித்தளமே ஆட்டம் காணும். இதைச் சாட்சி விசாரணை முடிந்தபின் எடுப்பதில் பயனில்லை. முதல் வாய்தாவிலேயே எடுக்க வேண்டும்.

அரசு முன்அனுமதி பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். பி.என்.எஸ்.எஸ். 218-ன் பாதுகாப்பு, அரசால் மட்டுமே நீக்கப்படக்கூடிய ஊழியருக்கு. காவலர், ஏட்டு, எஸ்.எஸ்.ஐ., எஸ்.ஐ. அந்த வகையில் வரமாட்டார்கள். மாநில அரசு தனி அறிவிக்கை செய்திருந்தால் ஒழிய அவர்களுக்கு அனுமதிப் பேச்சு இல்லை. டி.எஸ்.பி. மேல் வழக்கு என்றால் அனுமதி வேண்டும், இப்போது 120 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும். 261 வழக்கைக் கோர்ட் எடுத்துக்கொள்ளக் காலவரம்பு 3 ஆண்டு (பி.என்.எஸ்.எஸ். 514).

2025 பிப்ரவரி 15
வாசகர்: ஓடியது பாத்ரூம் ஜன்னல் வழியாக. கதவுக்கு வெளியே காவலர் நின்றிருந்தார். குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்ததாம்.

2025 பிப்ரவரி 15, இரவு
குழாய்ச் சத்தம் குழாய் திறந்திருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி.

வார்டு பாத்ரூமை நினைத்துப் பாருங்கள். கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள். எதிர்ச் சுவரில், தலைக்கு மேல், சாய்த்துச் செருகிய கண்ணாடிப் பட்டைகள் வைத்த வென்டிலேட்டர். அந்தப் பட்டைகளைப் பிடித்திருப்பது இரு பக்கமும் மெல்லிய அலுமினியத் தகடு மட்டுமே. தகட்டை விரலால் நெம்பினால் கண்ணாடி உடையாமல், ஓசை இல்லாமல், ஒவ்வொன்றாக வெளியே வரும். ஏறி நிற்க ஒரு பக்கெட் போதும். வெளியே கழிவுநீர்க் குழாய் செங்குத்தாக இறங்கும். இரண்டாம் மாடியாக இருந்தாலும் அதைப் பிடித்து இறங்கிவிடலாம்.

அதனால் செய்ய வேண்டிய வரிசை: காவலர் முதலில் உள்ளே போய்ப் பார்ப்பது. வென்டிலேட்டருக்குக் கம்பி உண்டா, பட்டை எதுவும் தளர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது. பக்கெட், ஸ்டூலை வெளியே எடுத்துவிடுவது. தாழ்ப்பாள் போட விடாமல் கதவை ஒரு சாண் திறந்தே வைத்துக் கதவு இடுக்கில் காலை வைப்பது. உள்ளே இருப்பவரைப் பேச வைத்துக்கொண்டே இருப்பது. இரண்டு பேர் டூட்டி என்றால் மற்றவர் அந்தச் சுவரின் வெளிப்பக்கம் போய் நிற்பது. பெண் கைதி என்றால் இது முழுவதும் பெண் காவலர் வேலை. அவரை அனுப்பாமல் ஆண்களை மட்டும் அனுப்பியிருந்தால் குறை அனுப்பியவர் மேல்.

வழக்குக்கு வருவோம். விசாரணை அதிகாரி அந்த வென்டிலேட்டரின் நீள அகலத்தை அளந்து மகஜரில் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பதிவில்) எழுதியிருக்கிறாரா? தரையிலிருந்து எவ்வளவு உயரம்? கம்பி உண்டா? போட்டோ எடுத்தாரா? இவை இல்லையென்றால் "இதைப் பார்த்திருக்க வேண்டும்" என்ற வாதத்துக்குக் கால் கிடையாது. கம்பி போட்ட ஜன்னலை அறுத்துக்கொண்டு ஓடினான் என்றால், அந்தக் கம்பியை அறுக்க எவ்வளவு நேரம் ஆகும், எந்த ஷிஃப்டில் அறுத்தான் என்பது வரும். நான்கு ஷிஃப்டில் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்ததைக் கடைசி ஷிஃப்ட் காவலர் தலையில் மட்டும் கட்ட முடியாது. ஆனால் டூட்டி மாறும்போது கம்பியைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொள்ளவில்லை என்றால் அவருக்கும் பங்கு உண்டு.

2025 பிப்ரவரி 16
நேற்று எழுதியதில் ஒன்றைக் குறைத்துச் சொல்ல வேண்டும். காலைக் கதவு இடுக்கில் வைப்பது நடைமுறை அறிவு, சட்டக் கட்டளை இல்லை. மகஜரையும் துறை ஆணைகளையும் தாண்டி "நல்ல காவலர் இப்படிச் செய்வார்" என்று பின்னாலிருந்து யோசித்துத் தண்டிப்பது தவறு. பி.என்.எஸ்.எஸ். 46-ம் பக்கத்தில் நிற்கிறது: தப்பாமல் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் கட்டுப்பாடு கூடாது. கைதியும் மனிதர்தான், கழிவறையில் அவருக்கும் கொஞ்சம் மறைவு உண்டு.

2025 பிப்ரவரி 18
வாசகர்: ஆர்.ஐ. (ஆயுதப்படை ரிசர்வ் இன்ஸ்பெக்டர்) ஆபீசில் நாலு பேர் கேட்டார்கள், இரண்டு பேர்தான் அனுப்பினார்கள். அதைச் சொன்னால் எடுபடுமா?

2025 பிப்ரவரி 18
வாயால் கேட்டது எடுபடாது. எழுதியிருந்தால் எடுபடும். டூட்டி பாஸ்போர்ட்டில் (பணிக்கு அனுப்பும் சீட்டில்) எத்தனை பேர், கைதி பற்றிய குறிப்பு என்ன, வழிக்காவலுக்கு ஆள் போதாது என்று ஜி.டி.யில் (பொது நாட்குறிப்பில்) பதிந்ததா, வார்டுக்கு வந்து சேர்ந்ததும் "அறைக்கு வெளிப்பூட்டு இல்லை, ஜன்னலுக்குக் கம்பி இல்லை" என்று வயர்லெஸ் மைக்கில் சொல்லி நேரத்தோடு குறித்ததா? ஓட்டம் நடக்கும் முன்பு எழுதிய இரண்டு வரி, நடந்தபின் எழுதும் இருபது பக்க விளக்கத்தைவிடக் கனம்.

இன்னொன்று. இரண்டு பேரையும் சேர்த்து 3(5) (பழைய 34) போட்டிருந்தால் அதை எதிர்க்க வேண்டும். அந்தப் பிரிவுக்குப் பொது நோக்கம் வேண்டும். கவனக்குறைவுக்குப் பொது நோக்கம் எப்படி வரும்? ஒவ்வொருவர் விடுதலும் தனித்தனியாக நிரூபிக்கப்பட வேண்டும். ஒருவர் டீ வாங்கப் போயிருந்தார், மற்றவர் பாத்ரூம் வாசலில் நின்றார் என்றால் இருவர் கதையும் ஒன்றில்லை.

எப்போதும் கேஸ் கீழே இருக்கிற காவலரோடு நின்றுவிடுவது எனக்கு ஏற்பில்லை. ஆபத்தான கைதி என்று தெரிந்தும் ஒற்றை ஆளை அனுப்பியவருக்கு ஒரு மெமோ, நின்றவருக்குக் கூண்டு என்பது நியாயமில்லை. அதே நேரம், அந்தக் கைதிக்கு எதிராகச் சாட்சி சொன்ன குடும்பம் அன்று இரவு எப்படித் தூங்கியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. இந்தப் பிரிவு இருப்பது அவர்களுக்காகத்தான்.

2025 பிப்ரவரி 20
காகிதம் பற்றிச் சொல்லும்போது டெல்லி திகார் சிறையில் 2004-ல் நடந்தது நினைவுக்கு வருகிறது. பூலான் தேவி கொலை வழக்கில் உள்ளே இருந்த ஷேர் சிங் ராணாவை, அந்த ஆண்டு பிப்ரவரி 17 அன்று போலீஸ் உடையில் வந்த ஒருவர் ஹரித்வார் கோர்ட்டுக்கு என்று போலிக் காகிதம் காட்டி வெளியே கூட்டிப்போய்விட்டார். சுவர் ஏறவில்லை, கம்பி அறுக்கவில்லை. அவர் திரும்பப் பிடிபட்டது 2006-ல். இப்படி நடந்தால் கேள்வி சிறை ஊழியர் மேல்தான்: வந்தவரின் அடையாள அட்டையைப் பார்த்தாரா, அனுப்பியதாகச் சொன்ன அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டாரா, பி.டி. வாரண்டின் (கைதியை வேறு கோர்ட்டுக்கு அனுப்பச் சொல்லும் உத்தரவின்) எண்ணைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தாரா? ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாதது கவனக்குறைவுக்குப் பாடப்புத்தக உதாரணம்.

அதே திகாரில் 1986 மார்ச்சில் சார்லஸ் சோப்ராஜ், பிறந்தநாள் என்று சொல்லி மயக்க மருந்து கலந்த இனிப்பைக் காவலர்களுக்குக் கொடுத்துவிட்டு நடந்தே வெளியேறினார். கைதியோ அவர் உறவினரோ நீட்டுகிற எதையும் பாராவில் இருப்பவர் வாயில் வைக்கக் கூடாது. டீயானாலும்.

2025 பிப்ரவரி 22
வாசகர்: விசாரணைக்கு என்று கூட்டிவந்தவர் ஸ்டேஷனிலிருந்து ஓடினால்?

2025 பிப்ரவரி 22, இரவு
இதுதான் மிகவும் அபாயமான இடம். கைது பதிவாகாத ஆள் சட்டப்படியான காவலில் இல்லை. அவர் எழுந்து போனால் அது தப்பித்தல் ஆகாது, 262-ம் இல்லை, 261-ம் இல்லை. 24 மணி நேரத்துக்கு மேல் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோகாமல் வைத்திருந்தவருக்கும் இதே வாதம் உண்டு.

ஆனால் அப்போது நடப்பது என்ன? ரைட்டர் (ஸ்டேஷன் எழுத்தர்) உட்கார்ந்து முந்தின நாள் தேதியில் கைது மெமோ தயாரிப்பார். அந்த நிமிடத்தில்தான் உண்மையான குற்றம் பிறக்கிறது. ஒருவரைத் தண்டனையிலிருந்து காப்பாற்றப் பொய்யாகப் பதிவு எழுதும் பொது ஊழியருக்கு பி.என்.எஸ். 256 (பழைய 218): 3 ஆண்டு வரை. கவனக்குறைவுக்கு இருப்பதைவிட அதிகம். கூடவே சட்டவிரோதமாக அடைத்து வைத்ததற்கு 127. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் ஸ்டேஷன்களில் கேமரா கட்டாயம், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் ஓராண்டாவது என்று சொல்லிவிட்டது. ஆள் உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் அதில் இருக்கும். ஜி.டி. ஒன்று சொல்லி, கேமரா வேறொன்று சொன்னால் தீர்ந்தது.

முறையாகக் கைதான, இன்னும் ரிமாண்ட் ஆகாத ஆள் ஓடினால்? 259-ல் "கைது செய்யப்பட வேண்டியவர்" என்ற சொல்லும் உண்டு, 261-ல் அது இல்லை. அதனால் 261 பொருந்தாது என்று வாதிடலாம். அந்த இடைவெளியை அடைக்கத்தான் 264 (பழைய 225-ஏ) இருக்கிறது. கவனக்குறைவுக்கு அங்கும் 2 ஆண்டு மெய்க்காவல்தான். வென்றாலும் பெரிய லாபமில்லாத வாதம்.

2025 பிப்ரவரி 23
சிறார் பற்றிக் கேட்டவருக்கு: 18 வயதுக்குக் கீழ் என்றால் லாக்கப்பே கூடாது (சிறார் நீதிச் சட்டம் 10), விலங்கும் கூடாது. கூர்நோக்கு இல்லத்திலிருந்து ஓடிய சிறாரைத் திரும்பப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஓடியதற்காகத் தனி வழக்கு போட முடியாது (26). அப்படியானால் 14-ம் தேதி சொன்ன 174(4) வழியும் இங்கே அடைபட்டுவிடும். யார் மேலாவது 261 போடுவதானால் மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கித்தான்.

2025 பிப்ரவரி 26
வாசகர்: ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம் என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். அபராதம் ஆயிரம் ரூபாய்க்குள்தான் வருமாம்.

2025 பிப்ரவரி 26
கட்ட வேண்டாம். தயவுசெய்து அவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

நூறு ரூபாய் அபராதமும் தண்டனைத் தீர்ப்புதான். அரசியல் சாசனம் 311(2)-ன் (அ) விலக்கு, கிரிமினல் தண்டனைக்கு அடிப்படையான நடத்தைக்காகத் துறை விசாரணையே இல்லாமல் நீக்க வழி கொடுக்கிறது. குற்றம் செய்தாரா என்ற கேள்வி அங்கே மறுபடி எழாது. நன்னடத்தைச் சட்டத்தில் (சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உறுதியின் பேரில்) விட்டாலும் தண்டனைத் தீர்ப்பு அழியாது. பக்ஷி ராம் வழக்கில் 1990-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

துறை விசாரணை தனியாக ஓடும். தமிழ்நாடு போலீஸ் ஒழுங்கு நடவடிக்கை விதி 3(பி)-ல் சார்ஜ் மெமோ வந்திருக்கும். அங்கே "சந்தேகத்துக்கு இடமின்றி" என்ற அளவுகோல் கிடையாது, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றாலே போதும். அதனால் கோர்ட்டில் விடுதலையானாலும் துறையில் ஊதிய உயர்வு வெட்டு வரலாம். இரண்டிலும் ஒரே சாட்சிகள், சிக்கலான கேள்விகள் என்றால் துறை விசாரணையை நிறுத்தி வைக்கக் கேட்கலாம் (உச்ச நீதிமன்றத்தின் பால் ஆன்டனி தீர்ப்பு, 1999). சஸ்பெண்ட் ஆகி மூன்று மாதம் கடந்தும் மெமோவோ குற்றப்பத்திரிகையோ வரவில்லை என்றால் அஜய் குமார் சௌத்ரி (2015) தீர்ப்பைக் காட்டி மனு கொடுக்கச் சொல்லுங்கள். பிழைப்பூதியம் (சஸ்பெண்ட் காலத்தில் தரும் தொகை) மாதாமாதம் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

2025 பிப்ரவரி 27
வாசகர்: ஒரு விவரம் விட்டுப்போனது. வென்டிலேட்டரிலிருந்து குதித்தவனை இன்னொரு காவலர் பார்த்துத் துரத்தி, ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ளேயே ஒருமுறை பிடித்தார். உதறிக்கொண்டு மறுபடி ஓடிவிட்டான்.

2025 பிப்ரவரி 27, இரவு
இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். 262-ல் "தப்பினாலோ தப்ப முயன்றாலோ" என்று இருக்கிறது. 261-ல் தப்பியது மட்டும்தான், முயற்சி இல்லை. கண் பார்வையிலிருந்து விலகாமல் துரத்திப் பிடித்துவிட்டால் காவல் அறுபடவில்லை என்று வாதிட இடமுண்டு. அப்படியானால் வென்டிலேட்டர் கட்டம் முயற்சி. உண்மையான தப்பித்தல் கேட்டருகே, ஆளை உதறித் தள்ளி நடந்தது. அங்கே காவலர் செய்யாமல் விட்டது என்ன? பிடித்தார், பலம் போதவில்லை. கேட்டில் இருந்த செக்யூரிட்டி சாட்சியா? கையில் கீறல் இருந்ததா, அன்றே டாக்டரிடம் காட்டிக் காயச் சான்று வாங்கினாரா? கேட் கேமரா பதிவை மனு கொடுத்து உடனே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிக்கொண்டிருக்கும்.